ஒரே கம்பெனிக் கெட்டிமேளம்

கொஞ்சம் படித்தால் சில பேருக்கு அறிவு வரும். எனக்கு அபிப்பிராயம் வந்தது. இருபத்துச் சொச்சம் வயதில் என்னிடம் இருந்த அபிப்பிராயங்களில் மிக உறுதியானது, ஆம்ப்ளிபயர், கேசட் டெக், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்பது.

பதுளைக் கடைகளில் ஜப்பான் சாமான்கள் குவியத் தொடங்கிய காலம். பஜாரில் அப்பாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. அங்கே ஒரு செட் சேர்த்து வைத்திருந்தேன். ஸ்பீக்கர்கள் மட்டும் வேறு கம்பெனி. இடுப்புயரப் பெட்டிகள், அருமையாகப் பாடின. இருந்தும் எனக்கு உறுத்தியது. (மற்றவர்கள் பாட்டைக் காதால் கேட்பார்கள். நான் பெயர்த்தகட்டை வாசித்துக் கேட்டவன்.)

தங்கை செல்விக்குக் கல்யாணம் வந்தது. "பண்டாரவளைக்குப் போயி மேளக்காரங்களப் பேசி, அட்வான்ஸ் குடுத்திட்டு வா" என்று அப்பா அனுப்பினார். போன இடத்தில், ஒரு கடைக் கண்ணாடிக்குள் என் கம்பெனி ஸ்பீக்கர் இரண்டு உட்கார்ந்திருந்தன. பிஸ்கட் டின் அளவு. மேளக்காரர் வீட்டுக்கு நான் போய்ச் சேரவேயில்லை.

"மேளத்த விட இது துல்லியமா இருக்கும்" என்று வீட்டில் சாதித்தேன். கேசட்டில் நாதசுரம் இருக்கிறது, போதாதா? அப்பா தலையில் கை வைத்தார். அதற்குள் ஊரிலிருந்த மேளக்காரர்கள் எல்லோரும் அதே நாளில் வேறு கல்யாணங்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டிருந்தார்கள்.

"பழைய பெட்டியவே வைங்கண்ணே" என்றாள் செல்வி.

"வேற வேற கம்பெனின்னா ஒத்துப்போகாதும்மா."

"எனக்குப் பாத்த மாப்பிள்ள மட்டும் எந்தக் கம்பெனியாம்?"

பழைய பெட்டிகளை ஏற்கெனவே ஒரு நண்பனிடம் தள்ளிவிட்டிருந்தேன்.

முகூர்த்தத்தன்று ஹால் நிறைய ஆட்கள். பிஸ்கட் டின்கள் முனகின. "சத்தமா வையப்பா" என்று யாரோ சொல்ல, திருகினேன். ஐயர் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்" என்றார். தாலி ஏறும் நேரத்தில் ஒருவர் தும்மினாலும், வேண்டாத சொல் ஒன்று வாய் தவறி விழுந்தாலும் யார் காதிலும் படாமல் அமுக்கத்தான் அந்த மேளம். குமிழைக் கடைசி வரை திருகினேன்.

'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாடை. பிறகு முழு நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"போச்சு."

என் குரல்தான். (ஒலித்தெளிவில் அன்று குறை சொல்லவே முடியாது.)

மாப்பிள்ளையின் கை தாலியோடு நின்றுவிட்டது. அவருடைய அம்மா எழுந்துவிட்டார். "என்னங்க இது, தாலி ஏறுற நேரத்துல போச்சுங்கிறாரு? கொஞ்சம் பொறுங்க. வேற நேரம் பாப்போம்."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

குனிந்த தலை நிமிராமல் செல்வி சொன்னாள்: "அண்ணனோட பெட்டிதாங்க போச்சு. நீங்க கட்டுங்க."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். கட்டியும் விட்டார். ஹாலிஎல தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த அத்தைமார் குலவை போட, சித்தப்பா ஒரு தாம்பாளத்தைக் கரண்டியால் விளாசினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மணையில் உட்கார்ந்த பெண் வாய் திறந்து பேசியது புகுந்த வீட்டில் சும்மா போகவில்லை. வெகுகாலம் அவளுக்கு அங்கே "வாய்க்காரி" என்று பெயர். பேசவேண்டிய நிலைக்கு அவளைத் தள்ளியவன் நான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

அவள் செய்வதெல்லாம் வேறு. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுத்ததும் செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். "ஆ காட்டுங்கண்ணே" என்பாள். நான் வாயைத் திறப்பேன். முழு லட்டு ஒன்றை உள்ளே திணித்துவிட்டு, ஐயரைப் பார்த்துத் தலையசைப்பாள்.

அதற்குப் பிறகுதான் கெட்டிமேளம்.