தேதி முடிந்த சரக்கு

"எவனோ ஒரு கூறுகெட்டவன் அழிச்சிட்டாம்ப்பா. இன்னைக்குப் பரீட்சைன்னு நேத்து எல்லாத்தையும் புதுசா ஏத்துனேன். பன்னெண்டு கம்ப்யூட்டர்லயும் தமிழ் எழுத்து வரல," என்றாள் கேத்ரின் டீச்சர். "இந்தத் தட்டச்சுல பாஸானாத்தான் பிள்ளைகளுக்கு வேலை."

"எவனா இருக்கும்?" என்றான் பென்சன்.

அந்த எவன் அவன்தான்.

பென்சனுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் ஸ்டோர் வேலை. தேதி முடிந்த சரக்கைப் பொறுக்கி எரிக்க வேண்டும். ஓய்வு நேரத்தில், இலவச மென்பொருள் சங்கம் ஒன்றின் இணையக் கிட்டங்கியையும் பார்த்துக்கொண்டான். சம்பளம் கிடையாது. சும்மா வேலை பார்க்கிறவனிடம் சாவியைக் கொடுத்தவனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டீச்சரின் கம்ப்யூட்டர்களும் அங்கிருந்துதான் மென்பொருளை இறக்கிக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு மென்பொருள் பொட்டலத்தின் பெயரோடும் ஒரு எண் இருக்கும். ஒரே பெயரில், எண் மட்டும் மாறி, நாலைந்து கிடந்தன. பென்சனின் கை சும்மா இருக்கவில்லை. சின்ன எண்ணெல்லாம் தேதி முடிந்த சரக்கு என்று வழித்து எறிந்துவிட்டான். அந்தப் பழசை நம்பித்தான் தமிழ் எழுத்து இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் கம்ப்யூட்டர் சென்டருக்கு வரச்சொல்லி டீச்சர் கூப்பிட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டான். ஒத்துக்கொண்டிருக்கலாம். சர்ச்சில் எல்லோரிடமும் 'கம்ப்யூட்டர்ல புலி' என்று அவனைக் காட்டியவள் அவள். வாய் வரவில்லை.

பழசின் நகல் அவனிடம் இல்லை. புதுப் பொட்டலத்துக்குப் பழைய எண்ணைப் போட்டு வைத்தான். கம்ப்யூட்டர் உள்ளே திறந்து பார்த்தது. வேறு சரக்கு. இனி இந்தக் கிட்டங்கியிலிருந்து எதையும் வாங்க மாட்டேன் என்றது. புத்தியுள்ள எவனும் அதைத்தான் சொல்வான்.

போட்ட எண்ணை எடுத்தான், கம்ப்யூட்டர் சமாதானமானது. இந்த முறை எண்ணைத் தொள்ளாயிரத்துக்கு ஏற்றினான். பெரிய எண்ணைக் கண்டதும் பன்னிரண்டும் விழுந்து விழுந்து எடுத்தன. இருந்த இங்கிலீஷ் எழுத்தும் போய்க் கட்டம் கட்டமாக வந்தது.

"எழுத்துக்குப் பதிலா ஜன்னல் ஜன்னலா இருக்கு. காத்து வரட்டும்னு வச்சியாப்பா?"

"சரியாயிரும் டீச்சர்."

ஆகவில்லை. சின்ன எண்ணுக்குத் திரும்ப ஒரு கம்ப்யூட்டரும் சம்மதிக்கவில்லை.

டீச்சர் தன் போனை நீட்டினாள். "அழிச்சவனுக்கு எழுது. நாக்கைப் பிடுங்கிக்கிடுற மாதிரி எழுது. சங்கத்துக்குப் போட்டா அவனுக்குப் போயிரும்லா?"

"பாவம் டீச்சர். தெரியாமச் செஞ்சிருப்பான்."

"தெரியாதவனுக்கு அங்க என்ன சோலி? எழுது."

பென்சன் தன்னையே திட்டி எழுதினான்.

"பத்தாது. பெத்தவுகளையும் சேத்துக்கோ."

சேர்த்தான். அனுப்பினான். சட்டைப் பைக்குள் அவன் போன் டிங் என்றது.

"ஆருப்பா?"

"அம்மா."

"பேசு."

"பொறவு பேசிக்கிடுதேன்."

டீச்சர் மாடிக்குப் போய்விட்டாள். வாட்ச்மேன் கருத்தப்பாண்டி டீ கொண்டுவந்தார். டம்ளரை வாங்கப் பென்சனுக்குக் கை வரவில்லை.

"அண்ணே, அந்தப் பிள்ளைக மூஞ்சில எப்படி முழிப்பேன்? அழிச்சது நாந்தாண்ணே."

கருத்தப்பாண்டி டீயை மேசையில் வைத்தார்.

"காலையிலயே சங்கத்துல விசாரிச்சு ஒங்க பேரைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் டீச்சர் ஒங்களக் கூப்பிட்டாவ சார், பிள்ளைக மாடில வேற கம்ப்யூட்டர்ல பழைய டிஸ்க்கப் போட்டுப் பரீட்சை எழுதி வீட்டுக்குப் போயாச்சு, நீங்களா வாயத் தொறக்குற வரைக்கும் கேட்டைத் தொறக்காதன்னு எங்கிட்டச் சொல்லிருக்காவ."