நாலடி பத்தும் மூன்றரை இன்ச் ஹீல்ஸும்

இன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். தர்மபுரி போகணும், ஒரு தாளில் கையெழுத்துப் போடணும், திரும்பி வரணும்.

காரிமங்கலத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். கையெழுத்துக்கு ரெண்டு நொடி. மத்தியானத்துக்குள் வூடு வந்துடலாம்னு வடைக்குப் பருப்பை ஊறப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்போ ராத்திரி பத்தரை. பருப்பு இன்னும் ஊறிக்கொண்டே இருக்கிறது. இடது காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு இதை எழுதறேன்.

என் மகள் தர்ஷினிக்குப் பதிமூணு வயசு. பாஸ்கெட்பால் ஆடறாள். அதில் அவள் பாயின்ட் கார்டு. அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, நீ இங்கே போ, நீ அங்கே நில்லுன்னு சொல்லி மொத்த டீமையும் நடத்துறவள். இன்னிக்கு மாவட்ட டீமுக்கு செலக்‌ஷன். அந்த இடத்துக்குக் கடைசியில் மிஞ்சினது ரெண்டு பேர். ஒன்று என் மகள். இன்னொன்று பென்னாகரத்துப் பெண் சுவேதா.

"பேரன்ட் நேர்ல வந்து சம்மதக் கடிதத்துல சைன் போடணும் மேடம்"னு பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். சரி, போட்டுட்டாப் போச்சு.

முந்தாநாள் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு அம்மா ஒரு செய்தி போட்டார். "செலக்‌ஷன்ல அப்பா அம்மா ஹைட்டும் பாப்பாங்களாம். பொண்ணு எவ்ளோ வளருவான்னு கணக்குப் போடுவாங்களாம்."

படிச்சதும் போனைக் கவுத்து வச்சுட்டேன்!

ஏன்னா என் உயரம் நாலடி பத்து. அதுவும் கொண்டை போட்டால்.

உடனே ஓசூரில் ஷிஃப்டில் இருந்த வீட்டுக்காரருக்கு போன் பண்ணினேன். "ஏங்க, ஹைட்டு பாப்பாங்களாம்ங்க!"

"நான் அஞ்சடி மூணு. நீ நாலடி பத்து. ரெண்டு பேரும் சேந்தா பத்தடி தாண்டுதுல்ல? அப்புறம் என்ன பயம், வை போன"ன்னு வச்சுட்டார்.

பயம் என்னன்னா கேட்கிறார்! குக்கர் மூணாவது விசில் அடிச்சாலே பக்கத்து ரூமுக்குப் போய் நிற்கிறவள் நான். மகள் பந்தோடு ஓடறதைப் பார்த்தாலே முன்பல்லைத்தான் பார்ப்பேன், இருக்கான்னு. அவள் ஆடி ஜெயிக்கறதா தோற்கறதா என்பது அவள் பாடு. ஆனால் அம்மா குள்ளம் என்பதால் அவளை வேண்டாம்னு சொல்லிட்டால்? அந்தப் பழி என் தலையில்தானே!

அப்போதுதான் பீரோ மேலே இருந்த டப்பா ஞாபகம் வந்தது. நாத்தனார் ரிசப்ஷனுக்கு வாங்கின ஹீல்ஸ். மூன்றரை இன்ச். அன்னிக்கு ஒரு மணி நேரம் போட்டேன், ஒரு வாரம் படுத்தேன்.

காலையில் மகள் ஆறு மணிக்கே ஸ்கூல் வேனில் போயிட்டாள். நல்லதாப் போச்சு. ஹாலில் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நாலு நடை நடந்து பழகினேன். ஹீல்ஸ் தெரியாத மாதிரி புடவையை நல்லா இறக்கிக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு உயரமான அம்மா, ரொம்பப் பயந்த முகத்தோட.

பஸ்ஸில் வாழ்க்கையிலேயே முதல் தடவையா மேல்கம்பியைப் பிடிச்சேன்! அந்தச் சந்தோஷத்தில் உட்கார இடம் கிடைச்சும் உட்காரலை.

கண்டக்டர், "அக்கா, ஸீட்டு இருக்குதுல்ல, உக்காருங்க."

"பரவால்லைங்க, நிக்கறேன்."

"உங்க இஷ்டம்"னு ஒரு மாதிரிப் பார்த்துட்டுப் போனார்.

மைதானத்தில் சிமென்ட் கோர்ட். இந்தப் பக்கம் படிக்கட்டு வரிசை, எதிர்ப்பக்கம் மேஜை போட்டு பி.டி. மிஸ் மைக்கோட இருந்தார். அஞ்சு அஞ்சு பேராப் பிரிச்சு பெண்களை ஆடவிட்டிருந்தாங்க. தர்ஷினி ஒரு பக்கம், சுவேதா எதிர்ப்பக்கம். பேர் கூப்பிட்டதும் போய் கையெழுத்துப் போடலாம்னு படியில் உட்கார்ந்தேன்.

எனக்கு ரெண்டு முழம் தள்ளி ரெண்டு அப்பாக்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சுவேதாவோட அப்பா. ஆறடிக்குக் குறையாத ஆள். இன்னொருத்தர் தொப்பி போட்டவர், காலேஜில் ஆடினவராம். அதை ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னார்.

"பாருங்க தம்பி, எம்பொண்ணு நிக்கற நிப்ப. இந்த வயசுலயே அஞ்சடி அஞ்சு. மேல இருந்து பாத்தா மொத்த கிரவுண்டும் தெரியுங்க அவளுக்கு. பாயின்ட் கார்டுக்கு அது வேணும்ல?"

"தெரியுதுண்ணா. ஆனா பந்து அவ கைக்கும் தரைக்கும் போயி வர்றதுக்குள்ள நடுவுல ஒருத்தி புடுங்கிட்டு ஓடிடறா. அந்தக் குட்டப் பொண்ணப் பாருங்க. முட்டிக்குக் கீழயே பந்து ஓடுது. லெஃப்டு ரைட்டு ரெண்டு கையும் ஒண்ணு போல வேல செய்யுது. நான் காலேஜுல ஆடறப்ப..."

"அத வுடுங்க தம்பி. இன்னிக்கு சரி. மூணு வருசம் கழிச்சு? ஸ்டேட் மேட்ச்சுல எதுக்க நிக்கறவ அஞ்சே முக்கா அடி இருப்பா. இது அவ இடுப்புல போயி முட்டிக்கிட்டு நிக்கும்."

"அதுவும் வளருமில்லண்ணா?"

"எங்கிருந்து வளரும்? நம்ம சந்தையில கன்னுக்குட்டி புடிக்கறப்ப என்ன பண்ணுவோம்? தாய்மாடு எங்கடான்னு கேப்பமா இல்லியா? அந்தப் பொண்ணோட அம்மாவ ஒருக்காப் பாத்துட்டா தெரிஞ்சு போயிடும், எவ்ளோ வளரும்னு."

அந்தத் தாய்மாடு ரெண்டு முழம் தள்ளி, வாயில் முந்தானையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அந்தக் குட்டிப் பொண்ணோட அம்மா நல்ல உயரம்ங்க."

ரெண்டு பேரும் திரும்பினாங்க.

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"பாத்திருக்கேன். காரிமங்கலத்துல."

"எவ்ளோ இருப்பாங்க?"

எங்க கான்வென்ட்டில் பொய் சொல்றது பாவம்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. ஆனால் எவ்வளவு பெரிய பொய் சொன்னால் எவ்வளவு பாவம்னு சொல்லிக் கொடுக்கலை.

"அஞ்சடி ஏழு."

தொப்பிக்காரர் துள்ளிட்டார். "நான் சொல்லல? அண்ணா, அஞ்சடி ஏழாம்!"

வெள்ளைச் சட்டை கன்னத்தைத் தேய்ச்சார். "அப்படின்னா யோசிக்க வேண்டியதுதான்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அந்தக் குளிர்ச்சி முழுசா ஒரு நிமிஷம்கூட நிக்கலை. கோர்ட் ஓரத்திலிருந்து கோச் சார் கத்தினார்.

"ஏய் பாப்பா! வாயத் தொற! யார் எங்க போகணும்னு நீதான சொல்லணும்? ஊமையாட்டம் பந்து தட்டுனா உங்க டீமுக்கு என்ன தெரியும்?"

சொன்னது என் மகளைப் பார்த்து.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பந்தைக் கச்சிதமாக் கொண்டுவந்தாள். ரம்யாங்கிற பொண்ணு கூடைக்குக் கீழே தனியா நிற்கிறது எனக்கே தெரிஞ்சது. இவளுக்கும் தெரிஞ்சது, கண் அங்கேதான் போச்சு. வாய் மட்டும் திறக்கலை. ரம்யா வேற பக்கம் ஓடிட்டாள். பந்து வெளியே.

"இன்னும் அஞ்சு நிமிசம் தரேன்"னார் கோச். "இதுல நீ வாயத் தொறக்கலன்னா நான் பென்னாகரம் பாப்பாவ எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் அழக் கூடாது."

அப்போதான் எனக்கு உறைச்சது.

எங்க கான்வென்ட்டில் வராண்டாவில் சத்தம் வந்தால் சிஸ்டர் முட்டி போட வைப்பாங்க. உதட்டில் விரல் வச்சே பன்னெண்டு வருஷம் வளர்ந்தவள் நான். அதே விரலை எடுத்து என் பெண் உதட்டில் வச்சு வளர்த்தேன். கத்தாதே, பக்கத்து வூட்டுல கேட்கும். ஓடாதே. எதிர்த்துப் பேசாதே. நல்லா வளர்த்திருக்கேன்! உயரம் குறைஞ்சதுக்கு மூன்றரை இன்ச்சில் ஹீல்ஸ் கிடைச்சது. இதுக்கு எந்தக் கடையில் போய் என்ன வாங்குவேன்?

அந்த நேரம் பார்த்து மைக்.

"தர்ஷினி அம்மா, காரிமங்கலம் தர்ஷினி அம்மா, மேஜைக்கு வந்து சைன் பண்ணுங்க."

வெள்ளைச் சட்டை ஆவலா எழுந்து நின்னு சுற்றும்முற்றும் தேடினார். "தம்பி, அந்த அஞ்சடி ஏழு அம்மா வந்திருக்காங்க போல!"

அவங்களைத் தாண்டித்தான் சுற்றிப் போகணும். முடியுமா? சரியா அப்போ விசில் சத்தம். பெண்கள் எல்லாம் நின்னாங்க. இடைவேளை விட்டுட்டாங்கன்னு முடிவு பண்ணி, ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, கோர்ட்டுக்கு நடுவுலயே குறுக்கே நடந்தேன்.

அது இடைவேளை இல்லையாம். பந்து வெளியே போனதுக்கு அடிச்ச விசிலாம். இதெல்லாம் எனக்கு யார் சொன்னா?

பாதி தூரம் போயிருப்பேன். சிமென்ட்டில் ஒரு விரிசல். இடது ஹீல்ஸ் அதில் போய்ச் சொருகிக்கிச்சு. இழுக்கறேன், வரலை. மறுபடி விசில். நிமிர்ந்து பார்த்தால் மொத்த கூட்டமும் என்னைப் பார்த்து ஓடி வருது!

ஃபைலைத் தலைக்கு மேல் பிடிச்சேன். கண்ணை மூடினேன். குத்துக்கல் மாதிரி நின்னேன்.

"அம்மா! நகராத! அங்கியே நில்லு!"

யார் குரல் இது? பதிமூணு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. மைதானம் முழுக்கக் கேட்டது.

"ரம்யா, கூடைக்குக் கீழ ஓடு! காவ்யா, எங்கம்மாவுக்கு லெஃப்டுல வா! சுவேதாவ எங்கம்மா பாத்துப்பாங்க, நீ வா!"

பாத்துக்கிட்டேன். தர்ஷினியைத் துரத்திக்கிட்டு வந்த சுவேதா என் மேல முட்டி நின்னாள். "சாரி ஆன்ட்டி!"ன்னு அந்த அவசரத்திலும் மரியாதையாச் சொன்னாள், தங்கமான பெண். அதுக்குள்ள என் மகள் என் முதுகுக்குப் பின்னால் வளைஞ்சு போய் பந்தை வீச, ரம்யா பிடிச்சு, கூடையில் போட்டாச்சாம்.

விசில். திட்டப் போறாங்கன்னு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

கோச் சார் என்னைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, இந்த வாய இத்தன நாளா எங்க வச்சிருந்த?"

தர்ஷினி மூச்சு வாங்கிக்கிட்டே என்னைக் கை காட்டினாள். "எங்கம்மாகிட்ட, சார்."

மைதானமே சிரிச்சது. நான் காலை உருவினேன். கால் வந்தது, ஹீல்ஸ் வரலை. ஒரு பக்கம் அஞ்சடி ஒன்றரை, ஒரு பக்கம் நாலடி பத்துன்னு நொண்டிக்கிட்டே மேஜைக்குப் போனேன்.

சம்மதக் கடிதத்தில் பேர், விலாசம், கையெழுத்து. அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் ஒண்ணும் இல்லை.

"மிஸ், ஹைட்டு எழுதற இடம்?"

"யார் ஹைட்டுங்க?"

"அப்பா அம்மா ஹைட்டு..."

"அப்பா அம்மாவயா நாங்க ஆட வைக்கப் போறோம்?"

ரெண்டு பெண்களையும் டீமில் எடுத்துக்கிட்டாங்க. முதல் பாயின்ட் கார்டு தர்ஷினி, அடுத்து சுவேதா. வெள்ளைச் சட்டைக்காரர் என் ஹீல்ஸை விரிசலிலிருந்து பிடுங்கி எடுத்துக்கிட்டு வந்தார். குச்சி தனி, செருப்பு தனி.

"ஏங்க, நீங்கதான் அந்தப் பாப்பாவோட அம்மான்னு தெரியாது. அந்த மாட்டுப் பேச்ச மனசுல வச்சுக்காதீங்க."

"அய்யோ, இல்லைங்க. நானும் அந்த அஞ்சடி ஏழை..."

"அத நான் அப்பவே மறந்துட்டேங்க"ன்னு, சிரிப்பை அடக்க முடியாம திரும்பிக்கிட்டார். தொப்பிக்காரர் மட்டும் மறக்கலை. தூரத்திலிருந்தே என்னைத் தலையிலிருந்து கால்வரை கண்ணால் அளந்துக்கிட்டே இருந்தார்.

வெறும் காலோட பஸ் ஏறினேன். மேல்கம்பி பழையபடி எட்டாத உயரத்துக்குப் போயிடுச்சு. மகள் என் தோளில் சாய்ஞ்சு, "தேங்க்ஸ்மா"ன்னாள். எதுக்குன்னு கேட்கலை. கேட்டால் எனக்கு அழுகை வந்துடும், பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பாங்க.

வூட்டுக்கு வந்ததிலிருந்து வாய் மூடலை அவள். "அம்மா, லெஃப்டுல நவுரு! தோசை ரைட்டுல வை! சட்னி எங்க? சட்னி, சட்னி!" ரெண்டு தடவை என் விரல் அவள் உதட்டுக்குப் போச்சு. ரெண்டு தடவையும் பாதி வழியில் திரும்பி வந்து, என் மூக்கைச் சொறிஞ்சுக்கிச்சு.

இப்போ கொஞ்சம் முன்னாடி பி.டி. மிஸ் மெசேஜ் அனுப்பியிருக்கார். சனிக்கிழமை பிராக்டிஸுக்கு என்னையும் கோச் சார் கூட்டி வரச் சொன்னாராம். பேரன்ட் மீட்டிங் எதுவும் இல்லையாம்.

கோர்ட்டுக்கு நடுவுல சும்மா நிக்கணுமாம். உயரம் இதுவே போதுமாம்.