பெனியன் பில்லும் நீலக் கதிரையும்

கடையில் ஒரு சாமானைக் காசு கட்டும் மேசையில் வைத்த பிறகு, "இது விக்க ஏலாது" என்று சொன்னால் புத்தியுள்ளவர்கள் "ஏன்?" என்று கேட்பார்கள். நான் "அதெப்படிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்கிற ரகம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் அந்த ஓகஸ்ட் மாதம் வரை நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. முகாமைத்துவப் பட்டம் வாங்கிவிட்டுச் சாம்பல்தீவில் வீட்டோடு இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பட்டத்தில் வேறெதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நுகர்வோர் உரிமை என்ற ஒரு பாடத்தில் மட்டும் 'ஏ' எடுத்திருந்தேன். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு மீன்காரர்களை நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல. (என்னைக் கண்டால் சிலர் சைக்கிளைத் திருப்பி மற்ற ஒழுங்கையால் விடுவார்கள். பயபக்தி என்று நினைத்தேன்.)

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரச அலுவலகத்தில் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வயதெல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. இதுவும் தவறினால் தேங்காய்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் சாறி கசங்கும் என்பதால் சல்வாரோடு வந்து, டவுனில் சித்தி வீட்டில் உடுத்துவதாகத் திட்டம். அம்மா பார்த்துப் பார்த்து அடுக்கிய பையில் இளநீலச் சாறி இருந்தது, சட்டை இருந்தது, பின் இருந்தது, விபூதிப் பொட்டலம்கூட இருந்தது. உள்பாவாடை மட்டும் இல்லை. சித்தியின் பாவாடை என் இடுப்பைச் சுற்றி வர மறுத்தது. (சித்தி ஒல்லி. அத்தோடு இந்த இடத்தைத் தாண்டிவிடுவோம்.)

"வா பிள்ளை, கடையில எடுத்து அங்கேயே உடுத்துவம். பாவாடையில்லாமச் சாறி எதில நிக்கிறது?" என்றார் சித்தி.

போகிற வழியில், டவுனுக்குள் திரியும் மான் கூட்டம் ஒன்று நடுறோட்டில் படுத்திருந்ததால் ஓட்டோ நின்றது. மான்களுக்கு நேர்முகப் பரீட்சை கிடையாது. அவை ஆறுதலாக எழும்பிப் போன பிறகு கடைக்குப் போனோம். அது கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் பெரிய துணிக்கடையின் கிளை. ஒரு கருநீலப் பாவாடையை எடுத்துக்கொண்டு, உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறைக்குள் புகுந்தோம். சித்தி முழங்காலில் இருந்து கொய்யகம் மடித்தார். விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்து என் கையில் தந்து, "போற வழியில காசைக் குடுப்பம்" என்றார். வெளியே வந்தபோது நான் பாதி அதிகாரியாகிவிட்டிருந்தேன்.

காசு மேசையில் முக்காடு போட்ட ஒரு பிள்ளை இருந்தது. சீட்டை மெசினில் காட்டியது. மெசின் கீச்சென்று கத்தியது. மறுபடி காட்டியது. மறுபடி கத்தியது.

"மிஸ், இது விக்க ஏலாது. கொழும்பில நிப்பாட்டி வச்சிருக்காங்க."

"அதெப்படிச் சொல்லுவீங்கள்? நான் இதை உடுத்திருக்கிறன்!"

வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் என் சாறியைப் பார்த்தார்கள். மனேஜர் ஓடி வந்தார். கிண்ணியாக்காரர், சாந்தமான மனுசன்.

"குறை நினைக்காதீங்க மிஸ். இதெல்லாத்தையும் ராக்கையில இருந்து எடுக்கச் சொல்லி நேத்தே சொல்லிருக்காங்க. எங்கட ஆக்கள் மறந்திட்டாங்க. கழட்டித் தந்திட்டு வேறொண்டு எடுங்களன்."

கழற்றுவதாம்! அந்தப் பாவாடையில்தான் பன்னிரண்டு முழச் சாறியும் பதினொரு பின்னும் என் எதிர்காலமும் தொங்கிக்கொண்டிருந்தன. பரீட்சைக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விரிவுரையை ஆரம்பித்தேன். ராக்கையில் விலையோடு வைத்த பொருளை விற்க மறுப்பது சட்டவிரோதம் என்றேன். (பிழை. விற்பனையிலிருந்து நிறுத்திய சாமானுக்கு அது பொருந்தாது. எனக்கு எப்படி 'ஏ' கிடைத்ததென்று இன்றுவரை புரியவில்லை.) கொழும்பிலிருந்து ஒருவன் பொத்தானை அமத்தினால் திருகோணமலையில் ஒரு பெண் பாவாடையைக் கழற்ற வேண்டுமா என்றும் கேட்டேன். அதற்குப் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

சித்தி மனேஜர் பக்கம் திரும்பி, "தம்பி, பிள்ளை இப்ப இரவலாப் போட்டுக்கொண்டு போகட்டும். இன்டவியூ முடிய நானே கொண்டுவந்து தாறன்" என்றார்.

"ஓம் அன்ரி, அப்பிடிச் செய்வம். மிஸ், ஒரு பத்து நிமிசம் இருந்தா ஏன் நிப்பாட்டினாங்க எண்டும் கொழும்பிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

உலகத்தில் இதைவிட நியாயமாக எந்தக் கடைக்காரரும் கதைத்ததில்லை. நான் சொன்ன பதில் இது:

"காரணம் எனக்குத் தேவையில்லை. எனக்குப் பில் வேணும்."

மனேஜர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு அதே விலை வரும்படி ஆண்களுக்கான பெனியன் இரண்டை மெசினில் காட்டி, அந்தப் பில்லைக் கிழித்துத் தந்தார். உரிமையை நிலைநாட்டிய வீராங்கனையாக வெளியேறினேன்.

ஓர்ஸ் ஹில் மேட்டில் ஏற ஒரு ஓட்டோவும் கிடைக்கவில்லை. பத்து மணி வெயிலில் நடந்தே ஏறினோம். கீழே துறைமுகம் குளிர்ச்சியாகக் கிடந்தது, எனக்கு முதுகால் வேர்வை ஊற்றியது. சித்தி வாசல் மரத்தடியில் நின்றுகொண்டார். அலுவலக விறாந்தையில் காற்றாடி சுற்றவில்லை. உள்ளே கூப்பிட்டபோது நான் இடுப்புக்குக் கீழே நன்றாக ஊறியிருந்தேன்.

அறையில் புத்தம் புதிய கதிரைகள். சந்தன நிறத்தில் துணி மெத்தை. அரச அலுவலகங்களில் புதுக் கதிரையின் பிளாஸ்டிக் உறையை அது கிழிந்து தொங்கும்வரை கழற்ற மாட்டார்கள். என் தலைவிதி, அன்று மரியாதைக்காகக் கழற்றியிருந்தார்கள்.

நடுவில் ஒரு மேடமும் இரு பக்கத்திலும் இரண்டு ஐயாமாரும் இருந்தார்கள். முதல் கேள்விகள் ஒழுங்காகத்தான் போயின. பிறகு மேடம் கேட்டார்: "பொதுமக்களோட வேலை செய்யிற இடம் இது. நீங்கள் ஒரு பிணக்கைத் தீர்த்த அனுபவம் ஏதும் இருக்கோ?"

"இண்டைக்குக் காலமைதான் மேடம்!" என்றேன்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். ஐயாமார் இருந்தபடியால் பாவாடை என்று சொல்லாமல் 'ஓர் ஆடை' என்றேன். கைதட்டலைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். கொழும்புப் பொத்தானையும் விடவில்லை. வலது பக்கத்து ஐயா சிரித்துக்கொண்டு, "பில் இருக்கோ?" என்று பகிடியாகக் கேட்டார். நான் பகிடி தெரியாதவள். எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"ஆண்கள் பெனியன், ரெண்டு."

மூவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அது... உள்பாவாடை சேர்."

ஐயாமார் இருவரும் குனிந்து கோப்புகளைப் புரட்டத் தொடங்கினார்கள். மேடம் மட்டும் நிதானமாக, "ஏனாம் விக்காமல் நிப்பாட்டினவை?" என்று கேட்டார்.

"காரணம் ஒண்டும் சொல்லேல்லை மேடம்."

"சரி, போயிட்டு வாங்கோ."

எழும்பினேன். கதிரையை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். தள்ளத் திரும்பியபோதுதான் கண்டேன். சந்தன நிற மெத்தையில் கருநீலத்தில், நான் எவ்வளவு இடம் பிடிப்பவள் என்பதற்கான சான்றிதழ் அச்சடித்தாற்போல் கிடந்தது. இப்போது மூவரும் என் பின்பக்கத்தையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்து கொள்ளாதா என்றிருந்தது.

"காரணம் வந்திட்டுது, பிள்ளை," என்றார் மேடம்.

வாசல்வரை பின்பக்கமாகவே நடந்தேன். மரத்தடியில் சித்தி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அப்பவே இரவலாக் கேட்டனான். இரவலெண்டாச் சாயமும் அவையின்ரதானே. இப்ப எல்லாம் உன்ர."

வேலை கிடைத்தது. எப்படி என்று கேட்காதீர்கள். (மேடம் பிறகொருநாள், "பெனியன் பில்லை நீட்டின ஆளை மறக்க ஏலுமோ?" என்றார்.) என்னைப் போட்ட இடம் முறைப்பாட்டுப் பிரிவு. முதல் நாள் என் மேசைக்குப் போனேன். அங்கே அந்தக் கதிரை நின்றது. வேறு யாரும் அதில் இருக்கச் சம்மதிக்கவில்லையாம். கடைக்காரர்கள் கெட்ட பாவாடையை ஒரே நாளில் திருப்பி எடுக்கப் பார்த்தார்கள். அரசாங்கம் ஒரு கறைபட்ட கதிரையைத் திருப்பி எடுக்க இத்தனை வருடமாக யோசிக்கிறது. அதில் இருந்துகொண்டுதான் ஊராரின் முறைப்பாடுகளைக் கேட்கிறேன். எல்லோரிடமும் முதலில் காரணத்தைக் கேட்கிறேன்.

போன மாதம் மகளுக்குப் பள்ளிக்கூடச் சொக்ஸ் வாங்க அதே கடைக்குப் போனோம். சித்தியும் வந்தார். மெசின் கீச்சென்று கத்தியது. "மிஸ், இது விக்க ஏலாது" என்றது வேறொரு பிள்ளை. எனக்கு வாய் தன்பாட்டில் திறந்தது.

"அதெப்படி..."

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, முதல்ல ஏனெண்டு கேளுங்கோ!"

சித்தி மெல்ல என் பின்னால் போய், குனிந்து ஒருக்காப் பார்த்துவிட்டு வந்து நின்றார். நான் சொக்ஸை வைத்துவிட்டேன்.