மைக்கறையில் நாலு நம்பர்

சென்ற மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பதினேழு. வானம் கறுத்திருந்தது, மழை இன்னும் இறங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே புத்தி தெளிந்த ஒரே மனிதரை, புத்தி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காகப் பெட்டாலிங் ஜெயாவுக்கு அழைத்துப் போனோம்.

எங்கள் அடுக்குமாடியில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘நாலு நம்பர்’ என்றால் தபால்காரர்கூட மூன்றாவது மாடியைக் காட்டுவார். எதைப் பார்த்தாலும் அவருக்கு லாட்டரிக்கான நான்கு இலக்கம் தெரிந்துவிடும். சாக்கடையில் சரிந்த லோரி, கருகிய தோசை, பூனை போட்ட குட்டிகள், எல்லாம் நம்பர்தான். நான் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழங்களோடு முதலில் வந்தவர் அவர். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடே என் கட்டில் எண்ணையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து ஒரு நம்பர் ஆக்கினார். இரண்டு நர்ஸுகள் அந்த நம்பரில் லாட்டரி எடுத்தார்கள், இருவருக்கும் பரிசு விழுந்தது. எனக்கு ரத்த அழுத்தம்தான் கூடியது.

பிப்ரவரியில் ஒருநாள், மழையில் நனைந்தபடி ஒரு மின்கம்பத்தை அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ படம் எடுத்து அனுப்ப, காஜாங்கிலிருந்து மகன் ஓடிவந்தான். சூதாட்ட வியாதியோ, மூளைக் கோளாறோ என்று பயந்தான். அப்பா தனியாக இருக்கக் கூடாது என்று உளவியல் நிபுணர் சொன்னால், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தான். அவனும் மனைவியும் காலை ஏழுக்கு வேலைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புவார்கள்.

“அங்க போனா செவுத்துகூடத்தான் பேசணும், கிராணியாரே,” என்றார் நாலு நம்பர், காரில். நான் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றுப் பதினெட்டு ஆண்டாகிறது. அவருக்கு நான் இன்னும் கிராணிதான்.

நான் உடன் வந்தால்தான் உள்ளே போவதென்று அடம்பிடித்தார். நிபுணர் இளம் பெண். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னை மூலையில் உட்காரவைத்தார். முதலில் கேள்விகள். இல்லாதவர்களோடு பேசுவதுண்டா என்று கேட்டார். மறைந்த மனைவியின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் பாசாரில் மீன் விலை என்ன என்று தினமும் சொல்வதுண்டு என்றார் இவர்.

“அவங்க பதில் சொல்வாங்களா, அங்கிள்?”

“உசுரோட இருந்தப்பவே சொல்ல மாட்டா லா.”

நிபுணர் குனிந்து எழுதிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்து மைக்கறைப் படங்கள். காகிதத்தில் சிந்திய மையில் சிலருக்கு வௌவால் தெரியும், சிலருக்குப் பேய் தெரியும். அதை வைத்து மனதைப் படிப்பார்களாம். நம்மவர் முதல் படத்தையே தலைகீழாகத் திருப்பினார். ஏழு, ஏழு, ரெண்டு என்று வாசித்துக்கொண்டு வந்து, கடைசி இலக்கம் ஒன்றா ஒன்பதா என்று என்னைக் கேட்டார். எனக்குத்தான் பேச அனுமதி இல்லையே. ஒன்பது விரல் காட்டினேன்.

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். வாரத்துக்கு எவ்வளவு பணத்துக்கு லாட்டரி எடுப்பீர்கள் என்று கேட்டார். மகன் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

“நானா? ஒரு காசுக்குக்கூட எடுத்ததில்லம்மா.”

“அப்புறம் எதுக்கு அங்கிள் நம்பர் பாக்கறீங்க?”

அவர் படத்தை நேராகத் திருப்பி மேசையில் வைத்தார். “சும்மா போய்க் கதவத் தட்டுனா, என்ன வேணும்னு கேப்பாங்க. நம்பர் இருக்குன்னா, உள்ள வாங்கன்னு சொல்வாங்க.”

நான் மூலையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தேன். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

ஒன்பது நாளில் அறிக்கை வந்தது. வியாதி இல்லை, தனிமைதான். தன் வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் தினமும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தன் பொறுப்பு என்றான் மகன். வாசலில் செருப்பை மாட்டியவன், தலையைத் தூக்காமலே கேட்டான்:

“அப்பா, அந்த மொத படத்துல என்ன நம்பர்?”

நாலு நம்பர் உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனை மறுபடி உட்காரவைத்துவிட்டார்.

மற்ற ஆறு நாளும் என் பொறுப்பு. மாலை ஐந்து மணிக்குத் தேநீர் குடிக்க வருவார். நம்பர் இல்லாமலே வரலாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பதில்லை. பால் டின், சீனி, தேயிலை, பிஸ்கட் என்று மாதத்துக்கு முப்பத்தாறு வெள்ளி கூடுதல் செலவு. போன வியாழக்கிழமை அவர் வர இருபது நிமிடம் தாமதம். இரண்டு முறை படிக்கட்டு வரை போய் எட்டிப் பார்த்தேன். ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுச் சூடாக மறுபடி கலக்கிவைத்தேன். அதையும் சேர்த்தால் முப்பத்தேழு வெள்ளி இருபது காசு.