கல்யாணப் பத்திரிகையில் பதினோரு சொந்தக்காரர்கள்

ஓசூர்,
9.1.97

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் பாக்கியராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை மேரிராணியின் வீட்டுக்காரன் ஜான்பீட்டர் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், மேரிராணி, பவுலினா மூவரும் மாதாவின் தயவில் உடம்பளவில் சுகம், மனசளவில் இல்லை. ராயக்கோட்டையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தக்காளி மண்டி எப்படிப் போகிறது என்று கேட்பதுதான் முறை. கேட்கும் நிலையில் நான் இல்லை.

இந்தக் கடிதத்துக்கு முன்பே பவுலினாவின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்திருக்கும். தயவுசெய்து பிரிக்க வேண்டாம். பிரித்திருந்தால் மேல்பாதியோடு நிறுத்திக்கொள்ளவும். கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு உறவினர் பெயர்கள் வரும் இடத்தில், பெண்ணுக்குத் தாய்மாமனான உங்கள் பெயர் இல்லை. உங்கள் பெயர் மட்டுமா, நம் சொந்தத்தில் ஒருவர் பெயரும் இல்லை. அங்கே யார் யார் பெயர் இருக்கிறது என்று இன்று காலை படித்ததிலிருந்து எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை, நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன ஞாயிறு கோவிலில் மூன்று திருமண ஓலைகளில் முதலாவதை வாசித்தார்கள். அத்திப்பள்ளி அந்தோணப்பா மகன் லூர்துராஜுக்கும் ஓசூர் ஜான்பீட்டர் மகள் பவுலினாவுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சாமியார் வாசித்தபோது, யாருக்கு என்ன தடை தெரியப்போகிறது என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து சம்பந்தி குடும்பம் நம் வீட்டுக்கே சாப்பிட வந்தது. பத்திரிகையின் புரூப் கையில் இருந்தது. எல்லாம் அச்சாகி, உறவினர் பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். யார் பெயரைப் போடுவது, யாரைவிட யார் முன்னால் என்று பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் சம்பந்தி அந்தோணப்பாவிடமும் புரூப்பையும் பேனாவையும் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதுங்கள் என்று உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு மணி நேரமாக ஒரு பெயரும் வரவில்லை. வெறுமனே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் ஆடும் லட்சணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அதிலிருந்து, எழுபத்து நாலு முதல் இன்றுவரை ஒரு நாள் மேட்ச் ஆடிய எல்லோரிலும் சிறந்த பதினோரு பேரைப் பொறுக்கினால் யார் யார் என்று வந்தது. பேனா கையில், எதிரே வெற்றிடம். எழுத ஆரம்பித்துவிட்டோம்.

ஒன்பது பேர் மளமளவென்று வந்தார்கள் மச்சான். நான் ஸ்ரீகாந்த் என்றால் அவர் சச்சின் என்கிறார், அவர் கிர்மானி என்றால் நான் கபில் என்கிறேன். மொகிந்தர், அசார், ரோஜர் பின்னி, ஸ்ரீநாத், அனில் கும்ப்ளே. இப்படி ஒரு சம்பந்தி கிடைக்க என்ன தவம் செய்தேன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரோடு ‘சுனில்’ என்று எழுதினேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அதன்மேல் ஒரு கோடு போட்டார். அதிர்ந்துபோனேன்.

“சுனில் பேடா சார், வேண்டாம். டெஸ்ட்ல அவரு தேவரு, நான் இல்லேங்கல. ஒன் டேல அறுவது ஓவரும் நின்னு முப்பத்தாறு நாட் அவுட். மறந்துட்டீங்களா?”

“எழுபத்தஞ்சுல நடந்ததை இன்னுமா சொல்லிக் காட்டுவீங்க? நாக்பூர்ல காய்ச்சலோட எண்பத்தெட்டு பந்துல நூத்திமூணு அடிச்சாரே, அது கண்ணுல படலியா?” என்றேன்.

அவர் அதற்குக் கீழே ‘விசு’ என்று எழுதினார். குண்டப்பா விஸ்வநாத்! ஒரு நாள் மேட்சுக்கு! நானும் விசுவின் ‘ஸ்கொயர் கட்’ ஷாட்டை ரசித்தவன்தான். ஆனால் ஒரு நாள் மேட்சில் அவர் சராசரி இருபதைக்கூடத் தொடவில்லை. “ஏற்கெனவே உங்க கர்நாடகாக்காரங்க நாலு பேரு இருக்காங்க, அஞ்சாவது எதுக்கு, ஊர்ப்பாசமா?” என்று கேட்டு நானும் ஒரு கோடு போட்டேன். அதற்குப் பிறகு காவிரியைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டோம். சம்பந்தியம்மா கைகூடக் கழுவாமல் ஓடி வந்தார்கள். பாயசம் வைத்தது வைத்தபடி இருக்க அவர்கள் கிளம்பினார்கள். புரூப்பை மாப்பிள்ளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு வேலைக்குப் போறப்ப பிரஸ்ல குடுத்துடறேன் மாமா” என்று சொல்லிவிட்டுப் போனார். இருந்த கோபத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை அதே மாப்பிள்ளை பத்திரிகைக் கட்டோடு சிரித்த முகமாக வந்தார். நானூறும் அடித்தாகிவிட்டதாம், தாய்மாமன் என்பதால் முதல் பத்திரிகையை உங்களுக்குத்தான் தபாலில் போட்டாராம். பிரித்துப் பார்த்தேன். தங்கள் நல்வரவை விரும்பும் ஸ்ரீகாந்த், சச்சின், மொகிந்தர்... இவர்களெல்லாம் யார் தெரியுமா தம்பி என்று கேட்டேன்.

“உங்க பக்கத்துச் சொந்தம்தானே மாமா? மொகிந்தர் உங்க கம்பெனி ஆபீசருன்னு நெனச்சேன், சிப்காட்ல பஞ்சாபிக்காரங்க நெறைய பேரு இருக்காங்கல்ல. ரோஜர் நம்ம வேதக்காரரு. அசார் பக்கத்து வீடு இல்லியா?”

“கபில்?”

“அவரு யாருன்னுதான் எனக்கும் வெளங்கல.”

மச்சான், பதினேழு ரன்னுக்கு ஐந்து விக்கெட் போன மேட்சில் நூற்றெழுபத்தைந்து அடித்த மனிதர்! அவரை யாரென்று விளங்கவில்லையாம். இந்த வீட்டுக்கு மருமகனாக வரப்போகிறவருக்கு! நான் பத்திரிகையும் கையுமாக நிற்கிறேன், கதவுக்குப் பின்னால் பவுலினா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவர் போன பிறகு, என்ன சிரிப்பு என்று அவளைக் கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் என்னை அடியோடு சாய்த்துவிட்டது.

“பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான்ப்பா கேட்டேன், கிரிக்கெட் பாப்பீங்களான்னு. ஸ்கோருகூட கேக்கமாட்டேன்னாரு. அப்பவே அம்மாகிட்ட சரின்னுட்டேன். சின்ன வயசுல எனக்குப் புதுநன்மை குடுத்த அன்னிக்கு எல்லாரோட அப்பாவும் கோவிலுக்குள்ள இருந்தாங்க. நீங்க ரேடியோவக் காதுல வெச்சிக்கிட்டு வெளிய நின்னீங்க.”

அது ஷார்ஜா மேட்ச் மச்சான். ஆனாலும் அவள் அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் வளர்த்த மகள், தகப்பனைப் போல ஒருவன் வேண்டாம் என்று தேடிப் பிடித்திருக்கிறாள்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை. சாமியார் தடை உண்டா என்று கேட்டதும் நான் எழுந்து நிற்பேன். தகப்பன் சுனிலை வேண்டாம் என்கிறார், மகனுக்குக் கபிலைத் தெரியாது, இதைவிடப் பெரிய தடை வேறென்ன வேண்டும் என்று கேட்பேன். உங்கள் தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள் என்பதால், நீங்கள் சனிக்கிழமையே பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்திரிகையில் பெயர் இல்லாத கோபம் உங்களுக்கும் இருக்கும். அதையும் கொண்டுவாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாதாவின் ஆசீர் என்றும் நிலைக்கட்டும்.

நெஞ்சு உடைந்த
ஜான்பீட்டர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சம்பந்தி அந்தோணப்பா, கையில் பத்திரிகை, முகத்தில் ரத்தமே இல்லை. “என் மகனுக்குக் கபில் யாருன்னு தெரியலயாம் சார்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையைப் போல அழுதார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து நானும் அழுதேன். இதே துக்கம் உள்ள இன்னொரு மனிதனை நான் எங்கே போய்த் தேடுவேன்? அப்புறம் இருவரும் பெயர்களை எண்ணினோம். பதினொன்று! சுனிலும் இருக்கிறார், விசுவும் இருக்கிறார். அந்த இரண்டு பெயர்களின் மேலும் கோடு இருந்ததாம், சண்டையில் அடித்திருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் போலிருக்கிறது, யாரை விட்டாலும் வம்பு என்று மாப்பிள்ளை இருவரையும் சேர்க்கச் சொல்லிவிட்டாராம். எங்கள் இருவரால் முடிக்க முடியாத டீமை அவர் முடித்துவிட்டார். மேரிராணி எட்டிப் பார்த்து, “சுனில் தங்கச்சியத்தானே விசு கட்டியிருக்காரு? மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பத்திரிகையில இருந்தா என்னவாம்?” என்றாள். எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. பத்திரிகை அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நிற்கமாட்டேன், கோவிலுக்கு உள்ளேதான் உட்கார்ந்திருப்பேன், ரேடியோ இல்லாமல். பவுலினாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் இப்போது ஒவ்வொரு பத்திரிகையின் அடியிலும் தன் கையாலேயே ‘தாய்மாமன் பாக்கியராஜ்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். டீமில் பன்னிரண்டாவது ஆள் ஆக்கிவிட்டோம் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம் மச்சான். கல்யாணத்தன்று பந்தியில் தண்ணீர் உங்கள் பொறுப்பு.