பாய்லர்காரரின் இடது கண்

"முப்பத்து நாலு," என்றார் டாக்டர். "போன வாரம் இருபத்தெட்டு. இறங்க வேண்டியது ஏறுது."

பாய்லர்காரரின் முகம் தொங்கிவிட்டது. சாய ஆலையில் இருபத்தாறு வருடம் மீட்டர் முள்ளைப் பார்த்தே அழுத்தத்தை அடக்கி வைத்தவர். அவர் கண்ணுக்குள்ளேயே அழுத்தம் ஏறினால் மானம் போகிற விஷயம் அல்லவா?

இடது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆகி, மேலே பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தார்கள். அதன் பிறகு சிலருக்கு இப்படி ஏறுமாம்.

"இப்படியே போனா நரம்பு கெட்டுடும். போன பார்வை திரும்பாது. இன்னொரு சொட்டு மருந்து எழுதறேன், விடாம போடுங்க."

"ஒரு சொட்டு தவறாது டாக்டர்."

தவறவும் இல்லை. பார்வை போனால் ஆலையில் பாய்லர் பக்கமே விடமாட்டார்கள். வீட்டுச் சுவரில் அட்டவணை ஒட்டினார். ஒவ்வொரு சொட்டுக்கும் நேரம், கையெழுத்து.

"நான் போட்டு விடறேங்க," என்றாள் மனைவி.

"டியூட்டில இருக்கறவன்தான் வால்வத் தொடணும். நீ வெளிய இரு."

கதவைச் சாத்திக்கொண்டுதான் மருந்து போட்டார். அது போதாதென்று, உள்ளே போகிற தண்ணீரைக் குறைத்தால் அழுத்தம் குறையும் என்று நாளுக்கு ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டார். தலை சுற்றி அலமாரியில் மோதி நெற்றி புடைத்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் நாற்பத்தொன்று.

"மருந்து கேக்கல," என்றார் டாக்டர். "இன்னிக்கே இன்னொரு ஆபரேஷன் பண்ணிடலாம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய்லர்காரர் அசையவில்லை. "எத்தன வேணா பண்ணுங்க டாக்டர். நான் தாங்கறேன்."

ஆபரேஷனுக்கு முன் இரண்டு கண்ணையும் அளந்து எழுத வேண்டும். நர்ஸ் வந்தாள். இடது கண்ணின் பிளாஸ்டிக் மூடியைக் காட்டி, "டேப்ப நீங்களே எடுத்துடறீங்களா சார்?" என்றாள்.

"நானா?" பாய்லர்காரர் பின்வாங்கினார். "சீல் வச்சவங்கதாம்மா பிரிக்கணும். எங்க தொழில்ல அதுதான் சட்டம். நீங்க ஒட்டி அனுப்பினது, அடுத்த வாரம் நீங்க பிரிக்கற வரைக்கும் நான் விரல் நுனிகூட வச்சதில்ல."

நர்ஸ் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். மூடியைப் பிரித்து இரண்டு கண்ணையும் அளந்தாள். இன்னொரு முறையும் அளந்தாள். பிறகு டாக்டரிடம் போனாள்.

"ஆபரேஷன் வேண்டாம் டாக்டர். மருந்து பிரமாதமா கேட்டிருக்கு, மூடி போடாத வலது கண்ணுக்கு."