அஞ்சுக்கு எத்தினி?

ராணிப்பேட்டையில் யாராவது தன்னைப் பற்றி உயர்வாகச் சொல்ல வாயெடுத்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டால், அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'அஞ்சுக்கெத்தினி மாஸ்டர்' என்றால் நாய்கூட வாலாட்டும்.

தோல் தொழிற்சாலையில் பதனிட்ட தோலைத் தடவித் தடவித் தரம் பிரித்தவர். ஓய்வு பெற்றதும் ஊரில் மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இவர் அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தார். மனிதனின் சுபாவத்தை அளக்கும் முறைகள் என்று ஒரு பாடம் வந்தது. அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

"தோல் பொய் சொல்லாது புரொபசர். ஆட்ட உண்ணி கடிச்ச எடத்தக்கூடக் காட்டிக் குடுத்துடும். மனுஷன் அப்படியா? எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பாக்கணும்" என்றார் என்னிடம்.

முதலில் என்னிடமே ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். 'நான் பொறுமைசாலி': ஐந்து. 'என் நாக்கு என் கட்டுப்பாட்டில் இருக்கிறது': ஐந்து. ஆயுளெல்லாம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். என் வரலாற்றை நானே எழுதக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா?

அதே தாளோடு நேராக அடுக்களைக்குப் போனார். கூட வாழ்கிறவர்களையும் கேட்பதுதான் முறையாம்.

"சாருக்குப் பொறுமை அஞ்சுக்கு எத்தினிம்மா?"

"ஒண்ணுக்குக் கீழ எதுவும் இல்லியா அண்ணா?" என்றாள் என் மனைவி.

"இன்னா பேச்சு இது" என்று கூடத்திலிருந்து கத்தினேன். அதையும் குறித்துக்கொண்டார்.

சொல்வதைக் கேட்டால் போதாது, செய்வதையும் பார்க்க வேண்டும் என்று அடுத்து ஆரம்பித்தார். ஆற்காட்டுக்கு பஸ் ஏறி மக்கன் பேடா வாங்கி வந்து, பாஷா பாய் டீக்கடை பெஞ்சில் பிரித்து வைத்தார். ஆட்களைவிடப் பேடா ஒன்று கம்மி. விட்டுக்கொடுப்பது யார் என்று பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரனான நான் இரண்டு சாப்பிட்டேன்.

"நாக்குக்கு அஞ்சு போட்டவரு" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கடையே சிரித்தது. ஒரு வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகுதான் போன் அழைப்புகள். மனசு நேரத்துக்கு நேரம் மாறுமாம். ஆள் எதிர்பார்க்காத நேரத்தில் கேட்டால்தான் உண்மை வருமாம். பாஷா பாய்க்குப் பால் பொங்கும்போது அடிக்கும். எனக்குச் சாப்பிட்டுக் கண் சொருகும்போது. "புரொபசர், இப்போ மனசு எப்படி கீது? அஞ்சுக்கு எத்தினி?" ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். மூன்று விரலைக் காட்டினேன். போனில் விரல் தெரியுமா? "பதில் வர்லியே" என்று மறுபடி கூப்பிட்டார்.

கடைசியில் தன்னையே அளக்கக் கிளம்பினார். "எல்லாரையும் அளந்துட்டு என்னை வுட்டா நியாயமா?" பெயர் எழுத வேண்டாம், தாளை மடித்துப் பாஷா பாய் கடை பிஸ்கட் டப்பாவில் போட்டால் போதும். 'இவர் வந்தால் எனக்குச் சந்தோஷம்' என்று ஒரு வாக்கியம். எனக்குப் பேடா ஞாபகம் வந்தது. ஒன்று என்று போட்டேன். மடிக்கும்போது சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன் நின்றுபோனது. மதியத் தூக்கத்துக்கு இடைஞ்சல் இல்லை, தூக்கம்தான் வரவில்லை.

"மாஸ்டர் இங்க குந்துறதே இல்ல சார். பால வாங்கிட்டு நேரா ஊட்டுக்குப் போய்ட்றாரு. பேஜாரா கீது" என்றார் பாஷா பாய். அவர் சொன்ன வீட்டில், மாஸ்டரின் மனைவி இறந்த பிறகு, பேச வேறு ஆள் கிடையாது. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஒன்று போட்டேன்.

போய்க் கதவைத் தட்டினேன். "இன்னா மாஸ்டர், போனே காணோம்?"

"ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு புரொபசர். எல்லாரும் அஞ்சு. ஒருத்தர் மட்டும் ஒண்ணு."

"ஒருத்தர்தானே, வுடுங்க."

"ஜனங்க மனசு நோவக் கூடாதுன்னு அஞ்சு போடும். பாடத்துலயே கீது. அந்த ஒருத்தர்தான் நெசத்தச் சொன்னவரு. எல்லாருக்கும் ஜாஸ்தி தொந்தரவு குடுத்துட்டேன்."

"அந்த ஒருத்தன் நான்தான். பேடா கோவத்துல போட்டேன். பொய்."

தோலில் கீறலைத் தேடுவதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு நீங்க போட்ட அஞ்சும் பொய், எனக்குப் போட்ட ஒண்ணும் பொய். உங்கள வெச்சி இன்னா ஆராய்ச்சி பண்றது?"

"மறுபடி கேளுங்க."

"இப்போ கேட்டா வெக்கத்துல சொல்வீங்க. எதிர்பாக்காதப்போ கேக்கணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் நான் எதிர்பார்க்காத நேரமே இல்லை. குளிக்கப் போனாலும் போன் கூடவே வந்தது. ஒரு மதியம், என்னையறியாமல் கண் சொருகியபோது அடித்தது.

"புரொபசர், இப்போ மனசு எப்படி கீது? அஞ்சுக்கு எத்தினி?"

தூக்கக் கலக்கத்தில் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். போனை வைத்துவிட்டார். உடனே மறுபடி அடித்தது.

"பதில் வர்லியே."

இப்போது வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் பேசாமலே இருந்தேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்.